தங்கையை பி.எஸ்சி. ஜியாலஜியில் சேர்க்கலாமா?

கேள்வி: தங்கைக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி (நிலவியல்) இடம் கிடைத்திருக்கிறது. கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. இதில் சேர்க்கலாமா? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா? வேலை கிடைக்குமா?

பதில்: எம்.எஸ்சி. வரை படிக்க வைக்க முடியும் என்றால் தாராளமாகச் சேருங்கள். மூன்று வருடத்தில் டிகிரியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பச் சூழல் என்றால் வேறு பாடம் பார்ப்பதே நல்லது. ஜிஎஸ்ஐ என்கிற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யுபிஎஸ்சி நடத்தும் கம்பைண்ட் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். அதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். தனியாரிலும் வெறும் பி.எஸ்சி.க்கு மரியாதை குறைவு. நானும் அரசுக் கல்லூரியில் இதே பாடம் படித்து, எம்.எஸ்சி. முடித்து, இப்போது நிலத்தடி நீர் சர்வே வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதல் வருடம் சலிப்புத் தட்டும், அதை முன்கூட்டியே தங்கையிடம் சொல்லிவையுங்கள். படிகங்களின் மர மாதிரிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து சமச்சீர் அச்சுகளை எண்ணுவது, டால்க்கில் தொடங்கி வைரத்தில் முடியும் மோஸ் கடின அளவுகோலை ஒப்பிப்பது, தட்டில் வைத்த கனிமத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது என்று ஓடும். ‘இதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறோம்’ என்று பாதிப் பேருக்குத் தோன்றும். வகுப்பில் நிறையப் பேர் வேறு பாடம் கிடைக்காமல் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் தங்கை அங்கே தனி ஆள் இல்லை.

மைக்ரோஸ்கோப் வந்ததும் கதை மாறும். சென்னைக்காரர்கள் தினமும் ரயிலில் தாண்டிப் போகும் பல்லாவரம் குன்றுகள் சார்னோகைட் என்ற பாறை. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இந்த வகைக் கல்தான், அவர் பெயரையே ஜிஎஸ்ஐ புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்கு வைத்தார். கையில் எடுத்தால் எண்ணெய் தடவிய மாதிரி மங்கலான சாம்பல் நிறம், குவார்ட்ஸ்கூட லேசாக நீலம் அடிக்கும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. இதையே 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒரே தளத்தில் அதிரும் போலரைஸ்டு வெளிச்சத்தில் வைத்து மைக்ரோஸ்கோப் மேடையைச் சுற்றினால், ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் ரோஜா நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும். இன்னும் கால் சுற்று சுற்றினால் மறுபடியும் ரோஜா. பூமிக்குள் மிக ஆழத்தில், தண்ணீர்ப் பசை அதிகம் இல்லாத சூட்டில் உருவான பாறை என்பதற்கு அந்தக் கனிமம் ஒரு சாட்சி. இதைப் பார்த்து ‘இன்னொரு ஸ்லைடு கொடுங்க சார்’ என்று கேட்கிற பிள்ளை தேறிவிடும். ரெக்கார்டு நோட்டில் அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு போகிற பிள்ளை மூன்று வருடமும் கஷ்டப்படும்.

அப்புறம் ஃபீல்டு. தமிழ்நாட்டில் ஜியாலஜி படிப்பதில் இருக்கும் அதிர்ஷ்டமே இதுதான். பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊர் இருக்கிறது. மழை அரித்து அரித்துப் பிளந்துபோன களிமண் மேடுகள், நடுநடுவே வெள்ளைக் கோடாக ஜிப்சம். தரையைக் குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலம்னைட் புதைபடிவங்கள் கிடக்கும். கணவாய் மீனின் தூரத்து உறவு, வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டு. அங்கிருந்து அரியலூர்ப் பக்கம் போனால் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சுற்றிலும் ஏன் அத்தனை சிமெண்ட் ஆலைகள் என்று வாத்தியார் சொல்லாமலே புரிந்துவிடும். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. சேலம் போனால் மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம், நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி. சந்திரயானைச் சோதித்துப் பார்க்கச் செயற்கை நிலவு மண் செய்ய இஸ்ரோ கல் எடுத்தது அங்கேதான்.

ஃபீல்டில் முதலில் கற்றுக்கொள்வது ஸ்ட்ரைக், டிப் அளப்பது. பாறை அடுக்கு எந்தப் பக்கம், எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அது. காம்பஸை எங்கே வைப்பது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு எளிய வழி: அடுக்கின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். அது ஓடுகிற திசை டிப், அதற்குச் செங்குத்தாக, கிடைமட்டமாகப் போகும் கோடு ஸ்ட்ரைக். அப்புறம் சுத்தியல். தச்சு வேலைச் சுத்தியலால் கல்லை உடைக்கக் கூடாது, முனை தெறித்துக் கண்ணில் பாயும்.

ஆகவே சேருவதற்கு முன், அந்தக் கல்லூரியில் படிக்கும் சீனியரைப் பிடித்து இரண்டு விஷயம் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டுக்கு உண்மையிலேயே கூட்டிப்போகிறார்கள்? ஒரு மைக்ரோஸ்கோப்பை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்? கட்டடம், ரேங்க், பேர் எல்லாவற்றையும்விட இந்த இரண்டு பதிலும் முக்கியம். ஃபீல்டு டூர் என்ற பெயரில் ஊட்டி, கொடைக்கானல் சுற்றிக்காட்டி அனுப்புகிற இடமும் உண்டு.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்றால், படிப்பில் ஒரு சிக்கலும் இல்லை. வெயிலில் நடக்க வேண்டும், ஃபீல்டில் கழிப்பறை இருக்காது, அதைத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். பெண் ஆசிரியர் உடன் வருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலையில், நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கவே முன்பு சட்டம் தடுத்தது. 2019-இல் அதைத் தளர்த்தி, தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பகல் நேரத்தில் அனுமதித்தார்கள். ஜிஎஸ்ஐ-யில் பாறை வரைபடம் தயாரிக்கும் மேப்பிங் வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர்.

வேலைக்கு வருவோம். மத்திய அரசுத் தேர்வைச் சொல்லிவிட்டேன். மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சி மூலம் அசிஸ்டன்ட் ஜியாலஜிஸ்ட் எடுப்பார்கள், ஆனால் எப்போதாவதுதான் அறிவிப்பு வரும், இடங்களும் குறைவு. அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. தனியாரில் குவாரிகளுக்குச் சுரங்கத் திட்டம் தயாரிப்பது, எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வெளிவரும் சேற்றையும் கல் துகளையும் ஆராயும் மட் லாகிங், கம்ப்யூட்டரில் வரைபடத் தகவல்களைக் கையாளும் ஜிஐஎஸ் வேலை என்று இருக்கிறது. தொடக்கச் சம்பளம் ஐடியோடு ஒப்பிடுகிற மாதிரி இருக்காது.

என் வேலையைச் சொன்னால் கொஞ்சம் புரியும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. அதில் தண்ணீர் வெடிப்புகளிலும் மேலே மக்கிய பகுதியிலும்தான் நிற்கும். நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் வோல்டேஜ் அளப்போம். வெளிக் கம்பிகளை நகர்த்த நகர்த்த ஆழம் கூடும். தண்ணீர் இருந்தால் மின்தடை குறையும். களிமண் இருந்தாலும் குறையும் என்பதுதான் வம்பு. அங்கேதான் படித்த ஜியாலஜி கைகொடுக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வயலில் கருப்பு உருண்டைக் கற்கள் ஒரே வரிசையில் போனால் அடியில், பாறை வெடிப்பில் குழம்பு புகுந்து இறுகிய டோலரைட் டைக் இருக்கும், அது நிலத்தடி நீரைச் சுவர் போலத் தடுக்கும். போர்வெல்லை அதன் மேட்டுப் பக்கம் போடச் சொல்வேன். ‘தேங்காயை வெச்சு நீரோட்டம் பார்க்கிறவர் வேற இடம் சொன்னாரே சார்’ என்பார் விவசாயி. இந்த வாக்குவாதமும் வேலையில் சேர்த்திதான். சொந்தக்காரர்கள் மோதிரக் கல்லைக் கொண்டுவந்து ராசிக்கு ஒத்துவருமா என்று கேட்பார்கள், அதற்கும் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, துணைப் பாடத்தில் கணிதமோ இயற்பியலோ எடுக்க வழி இருந்தால் எடுத்துவிடுங்கள், பின்னால் இயற்பியல் முறைகளால் பூமியை ஆராயும் ஜியோபிசிக்ஸ் பக்கம் போக அது வேண்டும். க்யூஜிஐஎஸ் என்பது ஜிஐஎஸ் வேலைக்கான இலவச மென்பொருள், வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வில் ஜியாலஜிக்குத் தனித் தாள் இருக்கிறது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன, இரண்டாம் வருடத்திலேயே ஒன்றை எடுத்து உட்காரச் சொல்லுங்கள்.