மஸ்டாங்கா, கூபேயா? – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். நான் பணகுடிக்காரன். பல வருடமாக ஷார்ஜாவில் ஏசி காண்ட்ராக்ட் தொழில். இந்த வருடத்தோடு கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன். பாளையங்கோட்டையில் வீடு கட்டியாயிற்று. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு இன்னோவா நிற்கிறது.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கார் பைத்தியம். எனக்கென்று ஒரே ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று அறுபது லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று பெங்களூரில் நிற்கும் 2018 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. மற்றது கொச்சியில் நிற்கும் 2019 மாடல் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி43 கூபே. விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் சொல்கிறார்கள். நண்பர்கள் எல்லோரும் மெர்சிடிஸ் பக்கம். மஸ்டாங் நேராகத்தான் போகும், திரும்பாது என்கிறார்கள். மச்சினன் “இந்தப் பணத்துக்கு இடம் வாங்கிப் போடுங்க அத்தான்” என்கிறான். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: “ரெண்டு கதவு வண்டி என்னத்துக்குய்யா?”

ஷார்ஜாவில் மஸ்டாங் மலிவு. இங்கிருந்தே ஒன்றைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியுமா? அப்புறம், மஸ்டாங்தான் என்றால் சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டலாமா?

பெயர் போட வேண்டாம். ஊரில் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

*

அன்புள்ள தம்பி,

கப்பல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. இந்தியாவுக்குள் இறக்குமதியாகிற காருக்கு ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. அமீரகத்தில் இடது பக்கம். பழைய வண்டி என்றால் மூன்று வயதைத் தாண்டியிருக்கவும் கூடாது. இதையெல்லாம் எப்படியோ சமாளித்தாலும் சுங்கவரி காரின் விலையையே தின்றுவிடும்.

மச்சினன் சொல்வது நியாயம்தான். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது அதுவல்ல. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மஸ்டாங் வாங்குங்கள். வீட்டில் இன்னோவா மட்டும் இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

உங்கள் நண்பர்கள் மெர்சிடிஸ் என்று சொல்வதில் தப்பில்லை. தாளில் எழுதிக் கூட்டிக் கழித்தால் அதுதான் நல்ல வண்டி. 2019 மார்ச்சில் 75 லட்சத்துக்கு இங்கே விற்பனைக்கு வந்தது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இரண்டு, 390 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 4.7 வினாடியில் நூறைத் தொடும். நான்கு சக்கரத்துக்கும் விசை போவதால் குற்றாலத்துச் சாரலில் தார் வழுக்கும்போதும் பயமில்லை. உள்ளே தோலும் அலுமினியமும் கைக்கு இதமாக இருக்கும். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அடங்கிவிடும்.

மஸ்டாங் ஜிடி 2016 ஜூலையில் 65 லட்சத்துக்கு வந்தது. ஐந்து லிட்டர் வி8, டர்போ கிடையாது, நம் நாட்டுக்காகச் சற்றுக் குறைத்துவிட்ட பிறகும் ஏறத்தாழ 400 குதிரைத்திறன். உள்ளே பாதிக்கு மேல் பிளாஸ்டிக். சி43-இல் 520 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போதே முழுதாக வந்துவிடும். மஸ்டாங்கில் ஏறத்தாழ அதே அளவு வருவதற்கு எஞ்சின் 4,000 சுற்றைத் தாண்ட வேண்டும். ஓட்டச் சுலபம் எது என்றால் மெர்சிடிஸ்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் சி43 தன் திறமையைக் காட்ட வேகமும் வேண்டும், வளைவும் வேண்டும். மற்ற கார்கள் தடுமாறுகிற வேகத்தில் வளைவுக்குள் நுழைந்து, ஒன்றுமே நடக்காதது போல வெளியே வரும். அதற்காகத்தான் அந்தக் காசு. நம் பக்கம் அப்படி ஓட்ட எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. செக்போஸ்டில் நிறுத்திவிடுவார்கள்; விட்டாலும் கூபே ஏறுகிற பாதை அல்ல அது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் வளைவுகள் உண்டு. கூடவே கேரளாவுக்கு எம்சாண்டும் காய்கறியும் கொண்டுபோகும் லாரிகளும் உண்டு. நாலுவழிச் சாலையில் சட்டம் நூறுக்கு மேல் விடாது. சட்டம் விட்டாலும் சாலை விடாது. நாங்குநேரி தாண்டினால் எதிர்த்திசையில் பைக்கில் வருகிறவர் இருக்கிறார், அரளிச்செடிக்கு நடுவிலிருந்து குதிக்கும் ஆடு இருக்கிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றிப்போகும் டிரெய்லர் ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால், 390 குதிரையும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

அந்த முப்பதில் மெர்சிடிஸ் வெறும் நல்ல கார். மஸ்டாங் அந்த முப்பதிலும் மஸ்டாங்.

மஸ்டாங்கின் சுகம் அதன் சத்தத்தில். அதற்கு எஞ்சினுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. எட்டு சிலிண்டரும் நாலு நாலாக இரண்டு வரிசையில் இருக்கின்றன. மொத்தமாகப் பார்த்தால் வெடிப்புகள் சம இடைவெளியில்தான் வருகின்றன. ஆனால் ஒரு வரிசையை மட்டும் தனியாகக் கேட்டால் சீராக இருக்காது. இரண்டு அடுத்தடுத்து வெடிக்கும், பிறகு ஒரு இடைவெளி விழும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டின் அமைப்பு அப்படி. அந்தத் தாளப்பிசகுதான் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பது போல அடிவயிற்றில் வந்து விழுகிறது. இதைக் கேட்க வண்டி வேகமாகப் போக வேண்டியதே இல்லை. வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது கேட்கலாம். மேலப்பாளையம் ரயில்வே கேட்டில் காத்திருந்தாலும் கேட்கலாம். நண்பர் ஒருவரின் மஸ்டாங்கைக் கொஞ்சம் ஓட்டியிருக்கிறேன். அறுபதைத் தாண்டவில்லை, தாண்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அந்தக் காரின் பிறப்பே அப்படித்தான். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு அதைக் காட்டியபோது, அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்கள். மேலே நீண்ட பானெட்டும் குட்டைப் பின்புறமும் வைத்து 2,368 டாலருக்கு விற்றார்கள். முதல் நாளே 22,000 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். பந்தயக்காரர்கள் அல்ல, ஆபீஸ் போகிறவர்கள். அதே 1964-இல் பாண்டியாக் நிறுவனம் நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சினைத் திணித்து ஜிடிஓவைக் கொண்டுவந்தது. மசில் கார் என்ற வம்சம் அங்கிருந்து கிளம்பியது. கறாராகப் பார்க்கிற அமெரிக்கர்கள் மஸ்டாங்கை ‘போனி கார்’ என்று தனியாக வைப்பார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். எழுபதுகளில் புகைக் கட்டுப்பாடு, இன்ஷூரன்ஸ் கட்டணம், 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து இந்த வம்சத்தைப் படுக்க வைத்தன. 1974 மஸ்டாங்கில் வி8 எஞ்சினே கிடையாது. பிறகு எழுந்தது. இப்போது மறுபடியும் கூட்டம் குறைகிறது. டாட்ஜ் சாலஞ்சரும் செவ்ரோலே கமாரோவும் 2023 டிசம்பரோடு உற்பத்தி நின்றுபோயின. உங்கள் கொச்சி வண்டியின் வி6-உம் அடுத்த தலைமுறை சி43-இல் இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர் என்று ஆகிவிட்டது.

நேராகத்தான் போகும் என்பது பழைய பேச்சு. 2014 வரை மஸ்டாங்கின் பின் அச்சு ஒரே தண்டாக இருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் ஆடும். 2015 மாடலிலிருந்து இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக வேலை செய்கின்றன. நீங்கள் பார்த்திருக்கும் 2018 வண்டி ஒழுங்காகத் திரும்பும். மழையில் மட்டும் ஆக்சிலேட்டரைப் பைய மிதியுங்கள். பின்சக்கர விசை வண்டி, வால் வெட்டும்.

இனி தொல்லைகள். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி, 137 மில்லிமீட்டர். விதிப்படி போட்ட வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், அதில் தட்டாது. ஆனால் நம் ஊர்களில் ஒரு விபத்து நடந்த மறுநாளே ஊர்க்காரர்கள் கூடி ஒரு முழ அகலத்தில் சிமென்ட் மேடு கட்டிவிடுகிறார்கள். அதற்கு அளவும் கிடையாது, வெள்ளைக்கோடும் கிடையாது. அங்கெல்லாம் வண்டியைக் கோணலாக ஏற்றி ஒவ்வொரு சக்கரமாக இறக்க வேண்டும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். அகலம் 1,916 மில்லிமீட்டர், பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் இரண்டு மீட்டருக்கு மேல். நெல்லை டவுனில் ரதவீதியோடு நின்றுகொள்ளுங்கள், உள்சந்துகள் வேண்டாம்.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவீர்கள் அல்லவா? உங்கள் சாஸ்தா எங்கே இருக்கிறார் என்று எழுதவில்லை. தேரி என்கிற செம்மணல் காட்டுக்குள் இருந்தால் மஸ்டாங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தேரி மணலில் பின்சக்கரம் மிதிக்க மிதிக்கப் புதையும், கடைசியில் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். சொந்தபந்தம் மொத்தமும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. ரெண்டு கதவு வண்டியால் குடும்பத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இதில் கூபேயும் மஸ்டாங்கும் ஒன்றுதான். கதவு நீளம், பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தால்தான் முழுதாகத் திறக்கும். பின்னால் உட்கார வேண்டுமென்றால் முன்சீட்டைச் சாய்த்து, தலையைக் குனிந்து, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பின்சீட்டு பிள்ளைகளுக்கு, அதுவும் அவர்கள் வளர்கிற வரைக்கும்தான்.

பெரிய கவலை சர்வீஸ். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மஸ்டாங் எப்போதுமே வெளியிலிருந்து வந்த வண்டிதான் என்றாலும், விற்கிற கடையே இல்லாத ஊரில் உதிரிபாகம் லேசில் கிடைக்காது. மெர்சிடிஸுக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால் வேலை முடியும், பில்லைத்தான் தாங்க வேண்டும். இந்த இடத்தில் மெர்சிடிஸ்தான் மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதே ஐந்து லிட்டர் எஞ்சின் வளைகுடாவெங்கும் ஓடுகிறது. ஃபில்டர், பிளக், சென்சார் எல்லாம் ஷார்ஜா நண்பர்களிடம் சொன்னால் ஊருக்கு வருகிற யாராவது பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். ஸ்டீயரிங், டேஷ்போர்டு சம்பந்தப்பட்ட வலதுபக்க வண்டிக்கான பாகங்களுக்கு மட்டும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் தேட வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் கெட்டுப்போகச் சாமான்களும் குறைவு. பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையாமல் போடுங்கள். மைலேஜ் கேட்கிறவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அறுபது லட்சத்தையும் வண்டிக்கே கொட்டிவிடாதீர்கள். வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அங்கே ஆட்சேபனை இல்லை என்கிற என்.ஓ.சி. சான்று வாங்கி, இங்கே திருநெல்வேலியின் டி.என். 72 எண் போட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக்காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், இருந்தாலும் லட்சங்களில்தான் வரும். கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதியைத் திருப்பிக் கேட்கலாம், கைக்கு வர நாளாகும்.

பெங்களூருக்குப் போகும்போது முந்தின இரவிலிருந்தே வண்டியைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஒரு லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், வேகத்தடை உரசிய கீறல் அங்கேதான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரி வண்டிகள் ஓடியதைவிட நின்றதே அதிகம். டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப்போயிருக்கும். அப்படியிருந்தால் நாலு டயரின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

சைலன்சரை மாற்றாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் வேறு. சத்தம் போதவில்லை என்று தோன்றினால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.