கராஜ் கதவுக்குக் காருக்குள்ளேயே பட்டன்: கனடா யூனிட்டுக்குக் காசு கொடுக்கும் முன்

கேள்வி: நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. கராஜ் மட்டும் மேலே, ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டு ஓரத்தில். போன வருடம் ரோலர் டோருக்கு மோட்டார் போட்டோம், இரண்டு ரிமோட் தந்தார்கள். மழை நேரத்தில் கைப்பைக்குள் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார். மூடுபனி நாட்களில் ரிமோட் சரியாக வேலை செய்வதும் இல்லை. கனடாவில் இருக்கும் அண்ணன், அங்கே கார்களில் மேலே லைட் இருக்கும் கொன்சோலிலேயே கதவுக்கான பட்டன் இருக்கிறது, பழைய கார் ஒன்றில் கழற்றியதை அனுப்புகிறேன் என்கிறார். இங்கே ஒருவர் 45,000 ரூபாய் கொடுத்தால் அதைப் பொருத்தி, கார் கம்பியூட்டரில் கோடிங்கும் செய்து தருவதாகச் சொல்கிறார். என் கார் ஜப்பானில் இருந்து வந்த ஹைபிரிட். இது வேலை செய்யுமா? பள்ளி விடுமுறையில் கார் சும்மா நின்றால் பெட்டரி இறங்குமா? எயார்பேக் லைட் எரியும் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா?

பதில்: டீச்சர், அந்த 45,000 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். அண்ணனுக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கழற்றியதை அனுப்ப வேண்டாம் என்று. உங்களுக்கு வேண்டிய பொருள் ஏற்கனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. மோட்டாரோடு வந்த இரண்டாவது ரிமோட்தான் அது. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 'கோடிங்' கதையை முடித்துவிடுவோம்.

அண்ணன் சொல்லும் பட்டனுக்குப் பெயர் ஹோம்லிங்க். ஜென்டெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியுடையது. காருக்கும் அதற்கும் உள்ள உறவு மிகச் சின்னது. தனியாகக் கழற்றிய யூனிட்டுக்கு வேண்டியது ஒரு பிளஸ் வயர், ஒரு ஏர்த் வயர், அவ்வளவுதான். காரின் கம்பியூட்டரோடு அது பேச வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டு ரிமோட்டை அதன் அருகில், இரண்டு மூன்று அங்குலத்தில், பிடித்து இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ரிமோட்டின் அலையைக் கேட்டுப் படித்துக்கொள்ளும். மெதுவாக மினுங்கும் சின்ன லைட் வேகமாக மினுங்கினால் படித்துவிட்டது என்று அர்த்தம். இதில் எங்கே கோடிங்? லெப்டொப்பைக் காரில் சொருகி ஸ்கிரீனைக் காட்டி ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். அந்த ஸ்கிரீனில் ஓடுவது பெரும்பாலும் சாதாரண ஸ்கேன்தான். எந்தக் காரில் எதை மாற்றினாலும் 'கோடிங்' என்ற சொல் வந்தால், எந்த கம்பியூட்டரில் என்ன மாறுகிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி, கோடிங் இல்லாமலே பொருத்தினால் வேலை செய்யுமா? உங்கள் கதவோடு சேரும் என்று நம்பிக் காசு போட நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ரிமோட்டும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில்தான் பேசும். அமெரிக்கா, கனடாப் பக்கம் கராஜ் கதவுகள் பெரும்பாலும் 300 முதல் 390 மெகாஹேர்ட்ஸுக்குள். இங்கே நான் திறந்து பார்த்த ரோலர் டோர் ரிமோட்டுகளில் அதிகம் 433.92, சிலது 315. பழைய ஹோம்லிங்க் யூனிட்டுகளில் பல 418-க்கு மேல் எட்டாது. பழைய காரில் கழற்றியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

புதிய யூனிட் 433-ஐ எட்டும். அதிலும் இன்னொரு சிக்கல். நல்ல ரிமோட்டுகள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் இலக்கத்தை மாற்றி அனுப்பும், இதை ரோலிங் கோட் என்பார்கள். அடுத்த இலக்கம் என்ன என்பதைக் கணக்கிடும் வழி யூனிட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்குள்ள பெரிய கம்பனிகளின் வழி அதற்குத் தெரியும். பெயரே இல்லாத பெட்டியில் வந்த மோட்டாரின் வழியும் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னும் ஒன்று. ரேடியோ அலை அனுப்பும் கருவி நாட்டுக்குள் வருவதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி என்ற கேள்வி வரும். கட்டைவிரல் அளவு சாமானுக்காகப் பார்சலின் பின்னால் நீங்கள் கொழும்புக்கு அலைய வேண்டுமா? ரோலர் டோர் போடுகிறவர்களை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் மோட்டாரின் கைநூலே கொடுக்கப்படவில்லை. கொடுத்த இடத்திலும் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வரி கிடையாது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டுக்காரர் என்னைப் போன்ற ஓட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இது எனக்குக் கோபம் வரும் விஷயம், அதனால் இத்தோடு விடுகிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது ரிமோட். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு சின்னத் தகடு, ஒரு பெட்டரி. பெட்டரி சுண்டுவிரல் நுனியைப் போலக் குட்டையாக உருண்டையாக இருந்தால் அது 23ஏ என்ற 12 வோல்ட் வகை. காசு போலத் தட்டையாக இருந்தால் 3 வோல்ட். தகட்டில் பொத்தான் போல ஒரு வெள்ளித் தகரம் தெரியும், அதில் 433 அல்லது 315 என்று பொறித்திருந்தால் அதுதான் அலைவரிசை. இவ்வளவும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். மிச்சம் எலெக்ட்ரீஷியன் வேலை.

அவர் அந்தத் தகட்டை உங்கள் கார் கொன்சோலில் மூக்குக்கண்ணாடி வைக்கும் குழிக்குள் பொருத்தி, ரிமோட்டின் பட்டனில் இருந்து இரண்டு மெல்லிய வயர் இழுத்து, கொன்சோலின் முகப்பில் ஒரு சின்ன அழுத்து சுவிட்ச் போடுவார். கதவுக்கு அது பழைய ரிமோட்தான், எதையும் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. மின்சாரம் காரிலிருந்து, நடுவில் வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன மொடியூல். கார் ஓடும்போது லைனில் 14 வோல்ட்டுக்கு மேல் வரும், 3 வோல்ட் ரிமோட்டுக்கு அதை நேரே கொடுத்தால் அந்த நொடியே ரிமோட் போய்விடும். லைன் தொடங்கும் இடத்தில் 1 அம்பியர் பியூஸ் கட்டாயம். வயரை முறுக்கி டேப் சுற்றுகிறவர் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலத்தில் அந்த மூட்டு பச்சைப் பிடித்துவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.

இந்த மின்சாரத்தை எங்கே எடுப்பது என்பதில்தான் உங்கள் பெட்டரிக் கேள்வி நிற்கிறது. ஹைபிரிட்டின் 12 வோல்ட் பெட்டரி சின்னது, அதனால் உங்கள் பயம் நியாயம். சுலபம் பார்க்கிறவர்கள் மேலே இருக்கும் லைட்டின் லைனையே வெட்டி எடுப்பார்கள். அது எப்போதும் உயிரோடு இருக்கும் லைன். சாவி இல்லாமலே பட்டன் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. காரை ரோட்டில் விட்டுப் போகிறீர்கள், யாரோ கண்ணாடியை உடைத்து உள்ளே கை விடுகிறார். டேஷ்போர்ட் பெட்டிக்குள் விலாசத்தோடு பத்திரங்கள், தலைக்கு மேலே கராஜ் கதவின் பட்டன். சாவியில் தொங்கும் ரிமோட்டைக் கையோடு எடுத்துப் போகலாம், இதை எடுக்க முடியாது. ஆகவே ஏ.சி.சி. லைன், அதாவது ரேடியோவுக்கு உயிர் வரும் அதே லைனில் எடுக்கச் சொல்லுங்கள். காரை அணைத்தால் மொடியூலும் அணையும், விடுமுறை முழுக்க நின்றாலும் இதனால் பெட்டரி இறங்காது.

இதில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பேச்சைக் கேட்டு ஏ.சி.சி. லைன் போட்டவர்களிலேயே சிலர் இதைத் தவறாகச் செய்கிறார்கள். மாலையில் வீட்டுக்கு வரும்போது பிரச்சினை இல்லை, கார் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் கார் மூடிய கராஜுக்குள் நிற்கிறது. பட்டனுக்கு உயிர் வர வேண்டுமே என்று பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு கதவைத் திறக்கிறார்கள். மூடிய கராஜில் எஞ்சின் புகை தேங்குவது உயிராபத்து. அதில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தலை சுற்றும்வரை தெரியாது. ஹைபிரிட் சத்தமில்லாமல்தானே இருக்கும் என்று நினைக்காதீர்கள். தலவாக்கலைக் காலைக் குளிரில் எஞ்சினைச் சூடாக்க அது தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது இது: பிரேக்கில் கால் வைக்காமல் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள். ரேடியோ எரியும், எஞ்சின் வராது. கதவைத் திறவுங்கள். முழுதாக மேலே போனதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட். சாவி திருப்பும் கார் என்றால் ஒரு படி மட்டும் திருப்புவது. இது கையில் வராது என்று தோன்றினால் கராஜ் சுவரில் இருக்கும் சுவிட்சால் திறந்துவிட்டுக் காரில் ஏறுங்கள். வீட்டில் வேறு யாராவது காரை எடுப்பதாக இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

எயார்பேக் பற்றிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஏ.சி.சி. லைன் டேஷ்போர்டின் கீழே, கொன்சோல் மேலே. வயர் முன் கண்ணாடியின் பக்கத்துத் தூண் வழியாகத்தான் ஏற வேண்டும். அந்தத் தூணின் மூடியில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்து பொறித்திருந்தால் உள்ளே திரைச்சீலை எயார்பேக் மடித்து வைத்திருக்கிறது. வேலைக்கு முன் பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுக் காரின் கைநூல் சொல்லும் நேரம், குறைந்தது மூன்று நிமிடமாவது, காத்திருக்க வேண்டும். வயரை எயார்பேக்கின் பின்புறமாக, ஏற்கனவே ஓடும் வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். முன்னால் போனால் பை விரியும் வழியில் அது குறுக்கே நிற்கும். வேறெங்கோ டேஷ் கெமரா போட்ட ஒரு கார் என்னிடம் வந்தது. மூடியைக் கழற்றினால் கெமரா வயரை எயார்பேக்கின் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி டை போட்டிருந்தது. அந்த அம்மா அந்தக் காரில்தான் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஆகவே வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, மூடியைப் போடும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க விடாதவர் வேலை வேண்டாம். மைனஸைக் கழற்றியதால் கடிகாரமும் ரேடியோவும் புதிதாக செட் பண்ண வேண்டிவரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மூடுபனியில் ரிமோட் வேலை செய்யவில்லை என்றீர்கள். பனி இந்த அலையைத் தடுப்பதில்லை. குளிரில் ரிமோட்டின் பழைய பெட்டரி களைத்துப் போகும், அது ஒன்று. மற்றது மோட்டார்ப் பெட்டிக்குள் இருக்கும் ரிசீவர், அதாவது ரிமோட்டின் அலையை வாங்கும் பகுதி. அதிலிருந்து ஒரு ஒற்றை வயர் எங்கும் பொருத்தப்படாமல் தொங்கும், அதுதான் அன்டெனா. 433 ரிமோட்டுக்கு அது சுமார் 17 சென்ரிமீற்றர் நீட்டாக நிற்க வேண்டும். போட்டுத் தந்தவர்கள் அசிங்கமாக இருக்கிறது என்று சுருட்டித் தகரப் பெட்டிக்குள் தள்ளி மூடிவிடுவார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த வயரைப் பெட்டிக்கு வெளியே எடுத்து நிமிர்த்திவிடச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும், புதிய ரிமோட் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது ரிமோட் காருக்குள் போய்விட்டதால் இன்னொன்று தேவைப்படும். டவுனில் சாவி வெட்டும் இடங்களில் ஐந்து நிமிடத்தில் கொப்பி எடுத்துத் தருவார்கள். அப்படிக் கொப்பி எடுக்க முடிகிறது என்றால் பெரும்பாலும் உங்கள் ரிமோட் ஒரே இலக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புகிறது என்று அர்த்தம், அந்த இலக்கம் இப்போது அவருடைய மெஷினிலும் இருக்கிறது. அதே வகைப் புதிய ரிமோட் ஒன்றை வாங்கி, ரிசீவரில் இருக்கும் பழக்கும் பட்டனை அழுத்தி நீங்களே சேர்த்துவிடுங்கள். உங்களுடையது ஒரே இலக்க வகை என்று தெரிந்தால், மோட்டாரை மாற்றாமல் ரிசீவரையும் ரிமோட்டுகளையும் மட்டும் ரோலிங் கோட் வகைக்கு மாற்றலாம். காரில் தகடு வைக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள், பிறகென்றால் கொன்சோலை இரண்டாம் தடவை கழற்ற வேண்டும்.

கரண்ட் போன நாளில் எந்தப் பட்டனும் உதவாது. மோட்டாரை விடுவிக்கும் சங்கிலி கராஜுக்கு உள்ளேதான் இருக்கும். உங்கள் கராஜுக்கு வேறு வாசல் இல்லை என்றால், வெளியிலிருந்து சாவியால் விடுவிக்கும் பூட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த வளைவு. பட்டன் தலைக்கு மேலேயே வந்துவிட்டால், வளைவுக்கு அந்தப் பக்கமே அழுத்திவிடலாம் என்று கை போகும். கதவு கண்ணுக்குத் தெரியும்வரை அழுத்தாதீர்கள், மூடும்போது முழுதாகத் தரையைத் தொடும்வரை நகராதீர்கள். மழைக்குக் கராஜ் கூரையின் கீழே ஒதுங்கி நிற்பது உங்கள் பள்ளிப் பிள்ளைகளாகவே இருக்கும். கதவின் அடியில் ஏதாவது குறுக்கே வந்தால் நின்று மேலே போகும் ஒளி சென்சர் உங்கள் மோட்டாரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பட்டனுக்கு முன்னால் அதைப் போடுங்கள்.