காற்றுக்குள் இறங்கச் சொல்கிறான் மகன்

கேள்வி: எனக்கு 55 வயது, மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். மகன் துபாயில் வேலை செய்கிறான். அடுத்த மாதம் என்னையும் இவரையும் அங்கே கூப்பிட்டிருக்கிறான். பெரிய கண்ணாடிக் குழாய்க்குள் கீழேயிருந்து காற்றடிக்க ஆட்கள் மிதப்பார்களாமே, இன்டோர் ஸ்கைடைவிங் என்று, அதற்கு மூன்று பேருக்கும் காசு கட்டிவிட்டான். அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 78 சூறாவளியில் எனக்கு எட்டு வயது. இன்றைக்கும் ஓட்டுக்கு மேலால் காற்று ஊதினால் நித்திரை வராது. மகனிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த வீடியோவில் ஒரு வயதான மனுசி சிரித்துக்கொண்டு மிதந்ததைப் பார்த்ததிலிருந்து உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருக்கிறது. கரண்ட் போனால் என்ன ஆகும்? மூச்சு முட்டாதா? பிரஷருக்குக் குளிசை போடுகிறேன். போகவா, வேண்டாம் என்று சொல்லவா?

பதில்:

அக்கா, ஆசை இருக்கிறது என்று எழுதிவிட்டு அதை வெட்டாமல் அனுப்பினீர்களே, அதை வாசித்தபோது உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்த ஆசைக்காகப் போங்கள். மகனின் முகம் வாடும், கட்டின காசு வீணாகும் என்ற நினைப்பில் மட்டும் அந்தக் கதவடியில் போய் நிற்க வேண்டாம்.

முதலில் சூறாவளியைக் கதைப்போம், ஏனென்றால் உங்கள் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வேகத்தைக் கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பை அடித்த காற்று மணிக்கு 200 கிலோமீற்றரை ஒட்டி வந்தது. குழாய்க்குள் விடும் காற்றும் ஆளின் எடையைப் பொறுத்து மணிக்கு 160, 180, சிலவேளை 200 கிலோமீற்றர் வரும். அங்கே போய் நிற்கும்போது யாராவது சொல்லி நீங்கள் திடுக்கிடுவதைவிட இப்போதே தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அன்றைக்கு ஆட்களைக் கொன்றது காற்று தூக்கிவந்த தகரமும் ஓடும், முறிந்து விழுந்த தென்னையும், இடிந்த சுவரும்தான். எந்தப் பக்கத்தால் அடிக்கிறது, எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் உடம்புக்குள் இவ்வளவு காலம் இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். குழாய்க்குள் உங்களையும் பயிற்சியாளரையும் தவிர வேறு ஒரு பொருளும் இருக்காது. காற்று கீழேயிருந்து மேலே, ஒரே பக்கமாக, ஒரே சீராக வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டு இருந்து அதைக் கூட்டுவார், குறைப்பார், நீங்கள் போதும் என்றால் இறக்கிவிடுவார்.

நான் இதை முதன்முதலில் செய்தது சிங்கப்பூர் செந்தோசாவில். 5 மீற்றர் அகலம், 17 மீற்றர் அளவு உயரமான குழாய், கண்ணாடிக்கு வெளியே கடல் தெரியும். உயரத்தை நினைத்துத்தான் பயந்துகொண்டு போனேன், ஆனால் என்னை உலுக்கியது சத்தம். முறை வருவதற்காக வாங்கில் உட்கார்ந்திருந்தபோதே சுவருக்குள்ளால் ஒரு இரைச்சல், பெரிய ஜெனரேட்டர் பத்து ஒன்றாக ஓடுகிற மாதிரி. உங்களையும் அதுதான் பிடிக்கப் பார்க்கும் அக்கா, ஏனென்றால் ஓட்டுக்கு மேலால் காற்று ஊதுகிற சத்தம்தான் இன்றைக்கும் உங்கள் நித்திரையைக் கெடுக்கிறது. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். மகன் அனுப்பிய வீடியோவை இன்றிலிருந்து நாளுக்கு ஒருதரம், வீட்டில் உங்களுக்குப் பிடித்த இடத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கால் கொஞ்சம் கூட்டுங்கள். நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் பாருங்கள். புறப்படுகிற நாளுக்குள் அந்தச் சத்தம் உங்களுக்குப் பழகியிருக்கும். அங்கே காதடைப்பானும் தருவார்கள். மென்மையான ஸ்பொஞ்ச் மாதிரியானது என்றால் விரலால் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையால் காதை மேல்பக்கமாக இழுத்துக்கொண்டு உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்திருங்கள். அவசரத்தில் சும்மா சொருகிவிட்டுப் போனால் உள்ளே போய்த்தான் தெரியும்.

சரி, கரண்ட். நம் ஊரில் இருந்து யார் போனாலும் இதைத்தான் கேட்போம். பெரும்பாலான குழாய்களில் காற்றாடிகள் மேலேதான் இருக்கும், காற்றை அவை உறிஞ்சி இழுத்து, பக்கத்துச் சுரங்கம் மாதிரியான வழியால் கீழே கொண்டுவந்து திரும்பவும் மேலே அனுப்பும். உங்கள் காலுக்குக் கீழே இருப்பது இறுக்கிக் கட்டிய கம்பி வலை. மின்சாரம் நின்றாலும் அவ்வளவு பெரிய காற்றாடி சட்டென்று நிற்காது, வீட்டு ஃபேனை ஓஃப் பண்ணினாலும் கொஞ்ச நேரம் சுற்றுகிறதே, அதே மாதிரி மெல்ல மெல்லக் குறையும், நீங்கள் இறங்கி வலையில் படுப்பீர்கள். முதல்முறை போகிறவரைப் பயிற்சியாளர் வலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்குள்தான் வைத்திருப்பார், கையும் உடுப்பில் பிடித்தபடி இருக்கும். மேலே பறந்து போய்விடுவேனோ என்று சிலருக்கு ஒரு பயம். மேலே போகப் போகக் குழாய் அகலும், அகலும் இடத்தில் காற்றின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் ஆளைத் தூக்க அதற்குப் பலம் போதாது. கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஒடுங்கி ஓடுகிற தண்ணீர் வாவிக்குள் விரிந்ததும் அமைதியாகிறதே, அதேதான்.

வானத்திலிருந்து குதிக்கிற ஒருவர் விழ விழ வேகம் கூடிக்கொண்டே போவதில்லை. வயிறு கீழே இருக்க விழுந்தால் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் காற்றின் எதிர்ப்பு அவருடைய எடைக்குச் சமனாகிவிடும், அதற்கு மேல் கூடாது. குழாயில் ஆளை அப்படியே வைத்துவிட்டு அந்த வேகத்தில் காற்றை மேலே அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஓஹையோவின் ரைட் பற்றர்சன் விமானப்படைத் தளத்தில் 1964இலேயே ஒருவர் இப்படிப் பறந்திருக்கிறார். ராட்டினம் இறங்கும்போது வயிற்றுக்குள் குபீரென்று ஒன்று வருமே, அது இங்கே வராது, ஏனென்றால் நீங்கள் எங்கேயும் விழவில்லை. இதை யாராவது எனக்கு முன்னமே சொல்லியிருந்தால் நான் அந்த வாங்கில் அரை மணித்தியாலம் வியர்த்திருக்க மாட்டேன்.

மூச்சு முட்டாது. முட்டுகிற மாதிரி இருப்பது நாம் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வதால்தான். நாடியை (மோவாயை) உயர்த்தி மூக்கால் சாதாரணமாக இழுங்கள், உதட்டை மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாய் காய்ந்துவிடும். எச்சில் வழியும், கன்னம் படபடவென்று அடிக்கும், அங்கே எல்லாருக்கும் அப்படித்தான்.

உடம்பை எப்படி வைப்பது என்று அங்கே சொல்லித்தருவார்கள், ஆனால் நீங்கள் வீட்டிலேயே ஒருக்கால் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். மெத்தையில் குப்புறப் படுங்கள். இடுப்பு மெத்தையில் அழுந்த, நாடி மேலே, கைகள் இரண்டும் முழங்கையில் மடிந்து தலைக்கு இருபக்கமும், முழங்கால் கொஞ்சம் மடிந்து. அதுதான் முழுப் பாடமும். இடுப்பு தாழ்ந்து நாடி நிமிர்ந்திருந்தால் காற்று உங்களை ஒரு பாய் மாதிரித் தாங்கும். பயந்து குனிந்து, காலை மடக்கிச் சுருண்டால் தளம்பத் தொடங்குவீர்கள். மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போது கையை வெளியே நீட்டி உள்ளங்கையைச் சற்றே திருப்பியிருப்பீர்கள்தானே, கை தானாக மேலே போகும், கீழே போகும். குழாய்க்குள் முழு உடம்பும் அந்தக் கைதான். கொஞ்சம் திருப்பினாலே கனக்க நடக்கும், அதனால் ஒன்றையும் பலமாகச் செய்ய வேண்டாம்.

சத்தத்தில் ஒருவர் சொல்வதும் கேட்காது, எல்லாம் கைச்சைகைதான். இரண்டு விரலை நீட்டிக் காட்டினால் காலை நீட்டு, மடக்கிக் காட்டினால் காலை மடக்கு, ஒரு விரலால் நாடியை மேலே காட்டினால் தலையை நிமிர்த்து. பெருவிரலும் சுண்டுவிரலும் நீட்டிக் கையை ஆட்டினால் உடம்பைத் தளர்த்து என்று அர்த்தம், அதைத்தான் எனக்கு அதிகம் காட்டினார். உள்ளே போகும்போதும் குதிக்க வேண்டாம், கதவடியில் நின்று அப்படியே முன்னுக்குச் சாய்ந்தால் போதும், காற்று ஏந்திக்கொள்ளும். முதல்முறைக்கு வழக்கமாக ஒரு நிமிடம் அளவில் இரண்டு தரம்தான் விடுவார்கள். ஒரு நிமிடமா என்று நினைக்காதீர்கள், விமானத்திலிருந்து குதிப்பவருக்கும் பரசூட் விரியுமுன் அவ்வளவுதான் கிடைக்கிறது. முதல் நிமிடம் முழுக்கப் பயத்தில் போய்விடும், இரண்டாவதுதான் உங்களுடையது. அதனால் முதல் தரம் சரிவராவிட்டாலும், உடம்பு ஓம் என்றால், இரண்டாவதுக்கும் போங்கள். பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு உச்சிக்குக் கொண்டுபோய் இறக்குவது என்று ஒன்றைத் தனிக் காசுக்குக் கேட்பார்கள், முதல் நாளில் அது உங்களுக்குத் தேவையில்லை. மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெடியன்கள் ஆர்வத்தில் ஓம் என்றுவிடுவார்கள்.

மகன் எந்த இடம் என்று எழுதவில்லை. அபுதாபி யாஸ் தீவில் 2019இல் திறந்த கிளைம்ப் என்ற இடத்தில் இருப்பது மிகப் பெரியது, பத்து மீற்றருக்குக் கிட்ட அகலம், முப்பது மீற்றருக்கு மேல் உயரம். அங்கே கூட்டிப்போனால் அந்தப் பிரமாண்டத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், அதிலும் நீங்கள் மிதப்பது கீழேதான்.

பிரஷர் விஷயத்தை மட்டும் என் பேச்சில் விடாதீர்கள். வழக்கமாகக் காட்டுகிற டொக்டரிடம் இதைச் சொல்லி, ஓம் என்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பயணப் பெட்டியை அடுக்க வேண்டும். இருதய நோய், கழுத்து முதுகு வருத்தம், அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, முன்னர் எப்போதாவது தோள்மூட்டு விலகியது, இதில் எது இருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தோளைப் பற்றி இன்னொன்று. 55 வயதில் நம் பெண்கள் பலருக்குக் கை முழுதாக உயராது, அதைச் சொல்லாமலே சமைத்துத் துவைத்துச் சமாளிப்போம். இரண்டு கையையும் காதுக்கு நேரே உயர்த்தி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். தோள் குத்தினால் இந்தப் பயணத்தில் வேண்டாம், முதலில் தோளைப் பாருங்கள். இவருக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள், ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள். எடைக்கும் இடத்துக்கு இடம் ஒரு எல்லை இருக்கிறது, மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலையோடு முடியாது. காற்சட்டையோ சுடிதார்க் காற்சட்டையோ, மேலே உடம்போடு ஒட்டின ரீசேர்ட், அதற்கு மேல் அவர்கள் தருகிற உடுப்பு, தலைக்கவசம், கண்ணாடி. சப்பாத்து கயிறு கட்டுவதாக இருக்க வேண்டும். தலைமயிரை இறுக்கப் பின்னி உள்ளே சொருகிவிடுங்கள், கிளிப் ஒன்றும் வேண்டாம். தோடு, வளையல், மோதிரம் எல்லாம் கழற்ற வேண்டும், தாலிக்கொடியும்தான். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கும் இருந்தது. ஸ்கேன் எடுக்கப் போனால் கழற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டு கழற்றி என் வீட்டுக்காரரின் கையில் கொடுத்தேன், அவர் அதை இறுகப் பொத்திக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றார். அந்த வேகக் காற்றில் ஒரு சின்னத் தோடுகூடக் கழன்றால் மற்றவரின் கண்ணுக்கு ஆபத்து, காரணம் அதுதான். பொய்ப்பல் கட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், பட்டினியாகவும் போகாதீர்கள். அடுத்த நாள் கையும் கழுத்தும் உளையும், அது நாம் வழக்கமாகப் பாவிக்காத தசைகள், இரண்டு நாளில் போய்விடும்.

எனக்கு உங்கள் கடிதத்தில் மனதை உறுத்திய வரி வேறு ஒன்று. அவனிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை என்று எழுதினீர்கள். அந்தப் பிள்ளை அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரு புதுச் சந்தோசம் கொடுக்க வேண்டும் என்று உழைத்த காசில் டிக்கட் எடுத்திருக்கிறான், அம்மா காற்றுக்கு ஏன் பயப்படுகிறா என்று அவனுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் கதவடியில் நீங்கள் தயங்கும்போது அவன் சிரித்துக்கொண்டு ஒன்றுமில்லை அம்மா, போங்கோ என்றுதான் சொல்வான், அது உங்களைக் காயப்படுத்தும், அவனுக்கு அது விளங்கவும் மாட்டாது. தெரிந்திருந்தால் உங்களுக்கு முன்னால் அவன் போய்க் காட்டுவான், நீங்கள் கையைக் காட்டினால் உடனே நிறுத்தச் சொல்வான், நீங்கள் வேண்டாம் என்று வாங்கிலேயே இருந்துவிட்டாலும் பக்கத்தில் வந்து உட்காருவான். அந்த இரவு அப்பா உங்களை எங்கே ஒளித்துவைத்தார், என்ன சத்தம் கேட்டது, விடிய எழும்பி வெளியே வந்தபோது ஊர் எப்படிக் கிடந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அங்கே போய்ச் சொல்லலாம் என்று வைத்திருக்க வேண்டாம். அவன் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் எடுப்பான்தானே, இன்றைக்கே சொல்லுங்கள்.