பாலிசி பணத்தைக் காக்கும், சிறுநீரகத்தை?

கேள்வி: எனக்கு 43 வயது. குடும்பத்துக்கே பெரிய தொகைக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, தவறாமல் பிரீமியம் கட்டி வருகிறேன். அப்படியிருக்க, நடைப்பயிற்சி, பரிசோதனை என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது இதெல்லாம் எதற்கு?

பதில்: காப்பீடு எடுத்தது நல்ல காரியம். ஆனால் அது காப்பது உங்கள் சேமிப்பை, உடம்பை அல்ல. டயாலிசிஸ் செலவை நிறுவனம் ஏற்றுக்கொள்ளலாம், வாரத்துக்கு மூன்று நாள் அந்த இயந்திரத்தோடு படுத்திருக்கப்போவது நீங்கள்தானே?

அப்புறம், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூறு கோடிக்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தலைசுற்றல், வலி என்று எதுவும் காட்டாமல் வருஷக்கணக்கில் இருந்துகொண்டு, உள்ளே ரத்தக்குழாய்களையும் சிறுநீரகத்தையும் அது கெடுத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் பாதித் திறனை இழந்த பிறகுகூட ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு சரியாகவே இருக்கலாம். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்த்தால்தான் முன்கூட்டியே தெரியும். காப்பீட்டு நிறுவனத்துக்கோ, நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் பெரும்பாலும் வேலையே ஆரம்பம்.

சின்ன மாற்றங்களால் என்ன ஆகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. அப்படிச் செய்தவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31 சதவீதம்தான். 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், கைபேசியில் அதைவிட அதிகமாகவே போய்விடுகிறது.

அதற்காக, விளம்பரத்தைப் பார்த்து முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எல்லாம் வாங்கவேண்டாம், அதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர், இவற்றில் தொடங்குங்கள், மற்றதை உங்கள் வயதையும் குடும்ப வரலாற்றையும் கேட்டு மருத்துவர் சொல்லட்டும். ரத்த அழுத்தத்தையும் ஓடிப்போய் உட்கார்ந்தவுடன் பார்க்கக்கூடாது. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட் வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் இரண்டு தடவை பாருங்கள். மேலே 140, கீழே 90, இதில் எதுவாவது ஒன்றைத் தொட்டு, வேறு நாட்களிலும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. எதையாவது கண்டுபிடித்துவிட்டால் பாலிசிக்குச் சிக்கலாகுமே என்று பயந்து பரிசோதனைக்கே போகாதவர்கள் உண்டு. நீங்களும் அந்த ரகமா, தெரியவில்லை. அப்படியென்றால் யோசித்துப் பாருங்கள், நீங்கள் பார்க்காமல் விட்டதால் நோய் வராமல் நின்றுவிடுமா? விபத்தும் பரம்பரை நோயும் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, அதனால் பிரீமியத்தையும் நிறுத்தாதீர்கள். இந்த வாரமே ரத்த அழுத்தம் பாருங்கள், மனைவிக்கும் சேர்த்து.