4294967297: பகா எண் போலத் தோன்றும் ஒரு பகு எண்

கேள்வி: பார்த்தால் சாதாரணப் பத்து இலக்க எண். இதற்கு ஏன் இவ்வளவு பெயர்?

பதில்: 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது; 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்க, ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். ஆறாவதாக வரும் நம் எண்ணை 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் 641 × 6700417 என்று பிரித்துவிட்டார்.

கேள்வி: கணிப்பொறி இல்லாமல் 641-ஐ எப்படிப் பிடிப்பது? சிறிய பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை! பிறகு பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 64-ஐ 128 ஆக்கினார். மிஞ்சுவது 257, 641 மட்டும். அதில் 257-ஐயும் சோதிக்க வேண்டியதில்லை. முந்தைய ஐந்து எண்களையும் பெருக்கினால் 4294967295. நம் எண்ணுக்குச் சரியாக 2 குறைவு. 257 இரண்டையும் வகுத்தால் 2-ஐயும் வகுத்தாக வேண்டும், அது நடக்காது.

கேள்வி: வகுக்காமலே 641 ஒரு காரணி என்று காட்ட முடியுமா?

பதில்: முடியும். எனக்கு மிகப் பிடித்த நிறுவல் இது. 641 = 5×2⁷ + 1. ஆகவே 5×2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. அதே 641 தான் 5⁴ + 2⁴-உம். எனவே 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும். தாளில் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் நிரல் இதைப் பகா எண் என்கிறதே?

பதில்: 2-ஐ அடியாக வைத்து ஃபெர்மா சோதனை செய்திருப்பீர்கள்; அதாவது, எண்ணில் 1 குறைத்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. அந்தச் சோதனையில் இந்த எண் தேறிவிடும். அடியை 3 ஆக மாற்றுங்கள், பிடிபடும்.

கேள்வி: இது இரு வர்க்கங்களின் கூடுதலா?

பதில்: ஆம், இரண்டு விதமாக. 65536² + 1² கண்ணுக்குத் தெரிவது. மற்றது 62264² + 20449². ஒரு பகா எண்ணை ஒரே விதமாகத்தான் இப்படி எழுத முடியும். ஆக இதுவே இன்னொரு சாட்சி. 20449 என்பது 143²!

கேள்வி: 65537-க்குப் பிறகு இவ்வரிசையில் பகா எண் உண்டா?

பதில்: இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2-இன் அடுக்கு 2³² ஆகும் வரை எல்லாம் பகு எண்கள் என்று நிறுவியாயிற்று. அடுக்கு 2³³ ஆகும் எண் இன்னும் தீராத கேள்வி.