பி.டெக். ஐ.டி. பட்டம் பெற என்னென்ன தேவை: கேள்வி பதில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் ஐ.டி. துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தித் தேர்வுப் பணியும் பார்த்தவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. படிப்பு, தேர்வு பற்றி நான் தரும் எண்கள் யாவும் இணைப்புக் கல்லூரிகளுக்கான ரெகுலேஷன் 2021 என்ற விதிமுறைத் தொகுப்புக்கு உரியவை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும், கிண்டி, குரோம்பேட்டை வளாகத் துறைகளுக்கும் தனி ரெகுலேஷன்கள் உள்ளன. நீங்கள் எந்த ஆண்டில், எந்தக் கல்லூரியில் சேர்ந்தீர்களோ அதற்குரியதே உங்களைக் கட்டுப்படுத்தும்.

கேள்வி (செஞ்சி, பிளஸ் டூ மாணவி): ஐயா, நான் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் பிரிவு. பி.டெக். ஐ.டி. சேர எனக்குத் தகுதி உண்டா? கணினி அறிவியல் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா?

பதில்: தகுதி உண்டு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் கட்டாயம். அவற்றின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் இருக்க வேண்டும். கட்-ஆஃப், அதாவது கலந்தாய்வுத் தரவரிசைக்கான மதிப்பெண், 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் 50-க்குக் குறைக்கப்படும். நீங்கள் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 எடுத்தால், 92, 42, 39 என்று கூட்டி 173 கட்-ஆஃப் ஆகும். கணினி அறிவியலில் 100 எடுத்தாலும் அது கட்-ஆஃப் கணக்கில் வராது என்பதால், கடைசி மாதங்களில் எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் ஒதுக்குவது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2021-ஆம் ஆண்டில் 14 பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் ஏதேனும் மூன்றைப் படித்திருந்தாலே பொறியியலில் சேரலாம் என்று அறிவித்ததை வைத்துக்கொண்டு, கணிதம் இல்லாமலே சேரலாம் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். நமது மாநிலக் கலந்தாய்வில் அது நடக்காது.

இதைவிட உங்களுக்கு முக்கியமான செய்தி வேறொன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாறிப் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (ஈரோடு, பெற்றோர்): என் மகனுக்குக் கட்-ஆஃப் 168. எந்தக் கல்லூரியில் ஐ.டி. கிடைக்கும்?

பதில்: ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு இனப்பிரிவிலும் முந்தைய ஆண்டு எந்தக் கட்-ஆஃபில் கடைசி இடம் நிரம்பியது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து விருப்பப் பட்டியல் தயாரியுங்கள். உங்கள் மகன் உண்மையில் சேர விரும்பும் வரிசையிலேயே அது இருக்கட்டும்.

கேள்வி (தென்காசி): பிளஸ் டூவில் வணிகவியலும் கணினிப் பயன்பாடும் படித்தேன். ஐ.டி. பட்டம் பெற எனக்கு வழியே இல்லையா?

பதில்: பி.டெக். கலந்தாய்வில் இடமில்லை. ஆனால் பி.சி.ஏ., பி.எஸ்சி. ஐ.டி. ஆகிய மூன்றாண்டுப் பட்டங்கள் கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ளன. பாடத் தகுதியைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் வரையறுக்கின்றன என்பதால் விண்ணப்பிக்கும் கல்லூரியிலேயே கேளுங்கள். பிறகு எம்.சி.ஏ. படிக்கலாம், இப்போது அது இரண்டே ஆண்டுகள். இதை இரண்டாந்தர வழியாக யாரும் கருத வேண்டாம். என் துறைக்கு வந்து சிறப்பாகப் பாடம் நடத்திய சக ஆசிரியர்களில் சிலர் பி.எஸ்சி., எம்.சி.ஏ. என்ற வழியாக வந்தவர்கள்தாம்.

கேள்வி (விருதுநகர், இரண்டாமாண்டு): சார், ஒரு பாடத்தில் இன்டர்னல் 40-க்கு 36 எடுத்திருந்தேன். செமஸ்டர் தேர்வில் 100-க்கு 42. கூட்டினால் 61 வருகிறது. ஆனாலும் அரியர் போட்டுவிட்டார்கள். மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா?

பதில்: போவது உங்கள் உரிமை. ஆனால் கூட்டலில் பிழை இருப்பதாக எண்ணிப் போக வேண்டாம். தியரி பாடத்தில் தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. இரண்டும் ஒருசேர நிறைவேற வேண்டும். இன்டர்னல் (கல்லூரியே தரும் அகமதிப்பீடு) 40, செமஸ்டர் தேர்வு 60 என்று கூட்டி 50 வர வேண்டும் என்பது ஒன்று. செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியே 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நீங்கள் முதலாவதைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவதில் மூன்று மதிப்பெண் குறைந்துவிட்டீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இன்டர்னலில் 18 மட்டும் வைத்திருக்கும் மாணவர் செமஸ்டர் தேர்வில் 50 எடுத்தால், அது 60-க்கு 30 ஆகி மொத்தம் 48-இல் நின்றுவிடும். அவருக்கு 54 எடுத்தால்தான் தேர்ச்சி. இன்டர்னல் தேர்வு நாளில் விடுப்பு எடுப்பவர்கள் பல மாதம் கழித்து வரும் தேர்வில் தங்களுக்குத் தாங்களே எல்லைக்கோட்டை உயர்த்திக்கொள்கிறார்கள் என்பதை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): கட்-ஆஃப் 181, எம்.பி.சி. ஐ.டி. கிடைக்குமா ஐயா?

பதில்: ஈரோட்டுப் பெற்றோருக்கு எழுதியதைப் பாருங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): வருகைப்பதிவு 71 விழுக்காடு. தேர்வு எழுத விடுவார்களா?

பதில்: 75 விழுக்காடு வேண்டும். 65-க்கு மேல் 75-க்குள் இருப்பவர்கள் உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு உரிய சான்று கொடுத்து, துறைத்தலைவர், முதல்வர் பரிந்துரையுடன் எழுதலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வும் இல்லை, அடுத்த பருவமும் இல்லை. அதே பருவத்தை அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு பருவத்தில் 80 வேலைநாள் என்று கொண்டால், 20 நாள் விடுப்புடன் 75-இல் நிற்பீர்கள்; 28 நாளைத் தாண்டினால் ஓர் ஆண்டு போயிற்று. காய்ச்சலில் படுத்தபோது வாங்கிய மருத்துவச் சான்றை அந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பருவ இறுதியில் கொண்டுவரும் சான்றை எந்த முதல்வரும் எளிதில் ஏற்கமாட்டார்.

கேள்வி (ஓசூர்): பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ முடித்தேன். நேரடியாக இரண்டாமாண்டு சேரலாமா?

பதில்: லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வு அதற்காகவே தனியே நடக்கிறது. மூன்றாம் பருவத்தில் சேருவீர்கள். முதலாண்டில் மற்றவர்கள் படித்த அணிகளும் நுண்கணிதமும் உங்களுக்கு விட்டுப்போயிருக்கும் என்பதால், சேருவதற்கு முன் உள்ள விடுமுறையை அதற்கே செலவிடுங்கள். பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தவர்கள் எட்டுப் பருவப் படிப்பை அதிகபட்சம் 14 பருவங்களுக்குள்ளும், உங்களைப் போன்றோர் 12 பருவங்களுக்குள்ளும் முடித்தாக வேண்டும்.

கேள்வி (சென்னை, மென்பொருள் நிறுவன ஊழியர்): நான் வெப் டெவலப்பராக இருக்கிறேன். கல்லூரியில் படித்த இயற்பியல், வேதியியல், தனிநிலைக் கணிதம் எதையும் வேலையில் தொட்டதே இல்லை. ஐ.டி. பட்டத்துக்கு இவற்றை ஏன் கட்டாயமாக்குகிறீர்கள்? பைத்தானும் ஃபுல் ஸ்டாக்கும் கற்றுக்கொடுத்தால் இரண்டே ஆண்டில் முடித்துவிடலாமே.

பதில்: இது விரிவாகப் பதில் சொல்லத்தக்க கேள்வி.

தனிநிலைக் கணிதத்தில் என்ன இருக்கிறது? தருக்கமும் நிறுவலும், சேர்மானவியல், கோட்டுருக்கள், இயற்கணித அமைப்புகள், பூலியன் இயற்கணிதம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு 'இஃப்' நிபந்தனையும் முதல் அலகுக்குள் அடங்கும். பத்து லட்சம் வாடிக்கையாளர் பெயர்கள் உள்ள பட்டியலில் ஒரு பெயரை ஒவ்வொன்றாகத் தேடினால் கடைசிவரை போக நேரலாம். அகரவரிசையில் அடுக்கி, நடுவில் பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் சுமார் இருபது ஒப்பீடுகளில் முடியும், ஏனெனில் இரண்டை இருபது முறை பெருக்கினாலே பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் தரவுத்தளத்தில் ஒரு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அடுக்கிய பட்டியல்) போட்டதும் பக்கம் சட்டெனத் திறக்கிறதல்லவா, அதன் காரணம் இதே கணக்கின் விரிவுதான். தொடவில்லை என்கிறீர்கள், நாள்தோறும் அதன்மேல்தான் நிற்கிறீர்கள்.

ஃபுல் ஸ்டாக் (இணையப் பக்கத்தின் முகப்பும் பின்னணியும் சேர்ந்த நிரலாக்கம்) வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ரெகுலேஷன் 2021-இல் நான்காம் பருவத்தில் வெப் அடிப்படைகளும் ஐந்தாம் பருவத்தில் ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்மென்ட்டும் பாடமாகவே உள்ளன. அவற்றோடு டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், தரவுத்தள மேலாண்மை, கணினி வலையமைப்பு ஆகியவையும் இருக்கின்றன. நிறுவனங்கள் பயன்படுத்தும் கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். அவற்றுக்கு அடியில் உள்ள இந்தப் பாடங்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

அதே உறுப்பினர்: தேடல் உதாரணத்தை ஏற்கிறேன். வேதியியலுக்கு என்ன சொல்வீர்கள்?

கோவை உறுப்பினர் (கல்லூரி ஆசிரியர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இயற்பியலையும் சேர்த்தே நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. அந்த இடத்தில் கூடுதலாக ஒரு நிரலாக்க ஆய்வகம் வைத்தால் முதலாண்டு மாணவர்கள் பயனடைவார்கள்.

பதில்: வேதியியல் பற்றி உங்கள் இருவரோடும் உடன்படுகிறேன். ஐ.டி. மாணவருக்கு அது விருப்பப் பாடமாக இருப்பதே முறை. இயற்பியலில் உடன்பட மாட்டேன். இரண்டாம் பருவத்தில் வரும் தகவல் அறிவியலுக்கான இயற்பியலில் குறைகடத்திகளும் காந்தப் பண்புகளும் வருகின்றன. நினைவகம் என்பது என்ன பொருளால் ஆனது, மின்சாரம் நின்றதும் ஒன்றில் உள்ளது அழிந்து மற்றொன்றில் உள்ளது ஏன் நிலைக்கிறது என்று தெரியாமல் நான்கு ஆண்டு முடித்துப் போவதை என்னால் ஏற்க இயலாது. கூடுதல் ஆய்வகம் வேண்டும் என்பது சரி. ஆனால் இருக்கிற ஆய்வக நேரத்திலேயே மாணவர் தாமே தட்டச்சு செய்து, பிழை வந்து, அதைத் தாமே திருத்துகிறாரா என்று முதலில் பாருங்கள். பதிவேட்டில் நிரலை நகலெடுத்துக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கும்வரை எத்தனை ஆய்வகம் சேர்த்தும் பயனில்லை.

கோவை உறுப்பினர்: பதிவேடு பற்றிச் சொன்னதை மறுக்க முடியவில்லை. இயற்பியலில் என் கருத்து மாறவில்லை.

பதில்: இருக்கட்டும். காத்திருக்கும் கேள்விகளுக்குப் போகிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): ஒரு அரியர் வந்தால் முதல் வகுப்பு போய்விடுமா?

பதில்: போகாது. சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்து 10-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 6.50-க்குக் குறையாமல், ஐந்தாண்டுகளுக்குள் எல்லாப் பாடங்களையும் முடித்தால் முதல் வகுப்பு. சிறப்பு நிலையிலான முதல் வகுப்புக்குத்தான் 8.50-உடன் எல்லாவற்றிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி வேண்டும். ஒவ்வொரு பாடமும் அதன் கிரெடிட் (பாடத்துக்கு உரிய மதிப்பு அலகு) எடைக்கேற்பக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்: நான்கு கிரெடிட் உள்ள கணிதத்தில் ஒரு கிரேடு இறங்குவது, ஒரு கிரெடிட் உள்ள 'தமிழர் மரபு' பாடத்தில் இறங்குவதைப் போல் நான்கு மடங்கு பாதிக்கும்.

கேள்வி (கரூர்): மேண்டேட்டரி கோர்ஸுக்கு (கட்டாயப் பாடம்) கிரெடிட் இல்லையே, விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கிரெடிட் இல்லாவிட்டாலும் முடிக்காமல் பட்டம் கிடையாது.

கேள்வி (திண்டுக்கல், இறுதியாண்டு): வெளியே புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் நிரல், அறிக்கை எல்லாம் தயாராகக் கொடுக்கிறார்கள். நண்பர்கள் வாங்குகிறார்கள். நானும் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இறுதிப் பருவத்தின் புராஜெக்டுக்கு 10 கிரெடிட். வேறெந்தப் பாடத்துக்கும் அவ்வளவு இல்லை. மூன்று மதிப்பாய்வுகளும் ஒரு வாய்மொழித் தேர்வும் உண்டு. வாய்மொழித் தேர்வில் நான் அதிகம் கேட்டது எளிய கேள்விதான்: "இந்த அட்டவணையில் இந்தப் புலத்தை எதற்காக முதன்மைச் சாவியாக வைத்தீர்கள்?" தாமே செய்தவர் தயங்காமல் காரணம் சொல்வார், அந்தக் காரணம் தவறாக இருந்தாலும் அவர் சிந்தித்தது தெரியும். விலைக்கு வாங்கியவர் அறிக்கையின் பக்கங்களைப் புரட்டத் தொடங்குவார். உங்கள் ஊர் ரேஷன் கடையிலோ நூலகத்திலோ உள்ள ஒரு சிறு தேவையை எடுத்துக்கொண்டு நீங்களே செய்து முடித்தது எவ்வளவு எளியதாக இருந்தாலும் எனக்கு மதிப்புக்குரியது.

கேள்வி (வேலூர்): கட்-ஆஃப் 159-க்கு...

பதில்: முந்தைய ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி என்ற கேள்விகளுக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி (மதுரை): பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக். ஐ.டி. இரண்டில் எது பெரிது?

பதில்: இரண்டும் நான்காண்டுப் பட்டங்கள், ஒரே கலந்தாய்வு, முக்கியப் பாடங்களில் பெரும்பாலானவை பொது. பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்விலும் இரு பிரிவினரும் எழுதுவது அதே கணினி அறிவியல் தாளைத்தான். பெயரைப் பார்த்துத் தொலைவில் உள்ள சுமாரான கல்லூரியை எடுப்பதைவிட, நல்ல ஆசிரியர்கள் உள்ள கல்லூரியில் கிடைக்கும் பிரிவை எடுங்கள்.

கேள்வி (சென்னை, முன்பு கேட்ட மென்பொருள் நிறுவன ஊழியர்): ஐயா, நேற்று இதையெல்லாம் என் தங்கையிடம் காட்டினேன். அவளுக்கு அதே தனிநிலைக் கணிதத்தில்தான் அரியர் இருக்கிறதாம். என்ன செய்யச் சொல்லட்டும்?

பதில்: தங்கையின் இன்டர்னல் மதிப்பெண்ணை முதலில் கேளுங்கள், செமஸ்டர் தேர்வில் 45 போதுமா, அதற்கு மேல் எவ்வளவு வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். பிறகு தருக்கத்தையும் கோட்டுருக்களையும் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த இரண்டு அலகுகளும் பள்ளிக் கணிதத்தை அதிகம் சார்ந்தவை அல்ல. பொறுமையாகப் படித்தால் தாமாகவே புரியும். தீர்வுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே போகாமல், ஒரு நிறுவலைப் பார்த்துவிட்டு மூடி வைத்து, வெள்ளைத்தாளில் தாமே எழுதிப் பார்க்கட்டும். இயற்கணித அமைப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு நேரம் இருக்குமானால், உங்கள் நிறுவனத்தில் நீங்கள் எழுதிய ஏதேனும் ஒரு தேடல் நிரலைத் தங்கையோடு உட்கார்ந்து பார்த்து, அதில் எத்தனை ஒப்பீடுகள் நடக்கின்றன என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள்.