கேம் ஷாஃப்ட்டில் துருப்புள்ளி: தேய்த்து மாட்டலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். கரண்ட் மோட்டார் வந்த பிறகு 5 எச்.பி. ஆயில் இன்ஜின் இரண்டு வருடமாகக் கொட்டகையில் சும்மா கிடந்தது. இந்தக் குறுவைக்குக் குத்தகைக்கு எடுத்த வயலில், ஃபில்டர் பாயிண்ட்டில் (ஆழமில்லாத குழாய்க் கிணற்றில்) அதை வைக்கலாம் என்று பிரித்தோம். எக்ஸாஸ்ட் கேமின் மேல் துருப்புள்ளிகளும், குறுக்கே ஒரு கறுப்புக் கோடும் இருக்கின்றன. கழற்றும்போது சுத்தியல் பட்டு இன்லெட் கேமின் ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்துவிட்டது. ஒரு மெக்கானிக் எமெரி போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார். இன்னொருவர் வெல்டு வைத்து லேத்தில் கடைந்து தருகிறேன் என்கிறார். நாற்று விட இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வெல்டிங் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். கேம் ஷாஃப்ட் என்பது வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு, அதில் முட்டை வடிவில் புடைத்திருப்பதுதான் கேம். அந்த ஷாஃப்ட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்க்கும்போதே கேமின் மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியிருப்பார்கள். எஃகு ஷாஃப்ட் என்றால் மேல்தோலை மட்டும் சூடேற்றிக் கடினப்படுத்தியிருப்பார்கள். இரண்டிலும் அந்தத் தோலுக்குத்தான் உழைப்பு முழுவதும். வெல்டு சூட்டில் சுற்றியுள்ள தோல் இளகிப்போகும். வார்ப்பிரும்பு என்றால் விரிசலும் விடும். அது போக, லேத் வட்டமாகத்தான் கடையும், கேம் வட்டமில்லை. கேம் கிரைண்டிங் மெஷின் இருக்கிற இடத்தில்தான் அந்த வடிவத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும். ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினுக்கு அவ்வளவு தூரம் அலைவதைவிடப் புது ஷாஃப்ட் வாங்குவதே மேல்.

ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால், புது ஷாஃப்ட் தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கறுப்புக் கோடு எப்படி வந்திருக்கும்? இன்ஜின் நின்ற நாளில் எக்ஸாஸ்ட் டேப்பெட் (கேமின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளித் திறக்கும் துண்டு) எந்த இடத்தில் அழுத்தி உட்கார்ந்ததோ, அந்த இடத்திலேயே இரண்டு வருடம் இருந்திருக்கிறது. இடையில் இருந்த எண்ணெய் வழிந்துபோய், ஐப்பசி கார்த்திகை ஈரம் அங்கே தங்கிவிட்டது. கோட்டுக்குக் காரணம் அந்த ஈரம், தேய்மானம் அல்ல.

துருக்குழிக்கும் தேய்மானக் குழிக்கும் வித்தியாசம் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி. துருக்குழியின் அடி பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். டேப்பெட் தொடாத இடத்திலும், ஷாஃப்ட்டின் தண்டுப் பகுதியிலும்கூடச் சிதறிக் கிடக்கும். தேய்மானக் குழி டேப்பெட் ஓடுகிற பாதைக்குள், அதிகமாகக் கேமின் மூக்கை, அதாவது புடைப்பின் உச்சியை ஒட்டித்தான் வரும். விளிம்பு பளபளவென்று இருக்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் தோல் உரிந்தது போலத் தெரியும். இது மேற்பரப்புக்கு அடியிலேயே உலோகம் களைத்துப் பெயர்ந்ததன் அடையாளம். அதை எவ்வளவு தேய்த்தாலும் நிற்காது, ஷாஃப்ட்டை மாற்றியே ஆக வேண்டும். மூக்கில் நீலம் பாய்ந்திருந்தாலும் அதே முடிவுதான். சூட்டில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஷாஃப்ட்டைப் பார்ப்பதற்கு முன் டேப்பெட்டின் அடிமுகத்தைப் பாருங்கள். டேப்பெட் வேலை செய்யும்போது மெல்லச் சுழல வேண்டும். அதனால் நல்ல டேப்பெட்டின் முகத்தில் வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். நேர்கோடாக ஒரே தடம் விழுந்திருந்தாலோ, நடுவில் குழிந்திருந்தாலோ அந்த டேப்பெட் கேமைத் தின்றுகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். எந்த டேப்பெட் எந்தக் கேமுக்கு உரியதோ, அதே இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். கழற்றியவற்றைக் கலந்துவிட்டிருந்தால் புது டேப்பெட் போடுங்கள். நல்ல பழைய ஷாஃப்ட்டில் புது டேப்பெட் போடலாம். புது ஷாஃப்ட்டில் பழைய டேப்பெட் மட்டும் கூடவே கூடாது.

இனி அளவு. மைக்ரோமீட்டரில் கேமின் மூக்கிலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஒரு அளவு, அதற்குக் குறுக்கே அடிவட்டத்தில் (புடைப்பில்லாத வட்டப் பகுதியில்) ஒரு அளவு எடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கேம் எவ்வளவு தூக்குகிறது என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். கேமின் அகலத்தில் மூன்று இடங்களில் எடுத்துப் பாருங்கள், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் இதில் பிடிபடும். உங்கள் இன்ஜின் புத்தகத்தில் எல்லை போட்டிருந்தால் அதுவே முடிவு. புத்தகம் இல்லையென்றால் ஒரு வழி சொல்கிறேன்: மைக்ரோமீட்டரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கே எடுத்துப்போய், அதே மாடல் புது ஷாஃப்ட்டை அளந்து ஒப்பிடுங்கள். தூக்கும் அளவில் 0.2 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் நான் மாற்றிவிடுவேன். ஷாஃப்ட் புஷ்ஷில் ஓடுகிற கழுத்துகளையும் இரண்டு திசையில் அளந்து, வட்டம் கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வளைவைப் பார்க்க வி-பிளாக்கும் டயல் கேஜும் வேண்டும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நல்ல லேத் பட்டறை ஒன்றில் அரை மணி நேர வேலை.

சில்லு பெயர்ந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. ஷாஃப்ட்டை மண்ணெண்ணெயில் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து தூளில் மெல்லிய கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்த ஷாஃப்ட் வேண்டாம். கோடு இல்லை, சில்லு ஓரத்தில் மட்டும், மூக்கைத் தொடவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மெல்லிய ஆயில் ஸ்டோனை எண்ணெயில் நனைத்து, பெயர்ந்த இடத்தின் கூர் விளிம்பை மட்டும் மழுக்குங்கள்.

எமெரி விஷயத்தில் உங்கள் மெக்கானிக்கோடு ஓரளவுக்குத்தான் ஒத்துப்போவேன். கேமில் பள்ளம் இருப்பதைவிட மேடு இருப்பதுதான் ஆபத்து. ஊசிமுனை அளவு பள்ளத்தில் எண்ணெய் தங்கும். நகத்தில் தட்டுகிற மேடு டேப்பெட்டின் முகத்தை ஒவ்வொரு சுற்றிலும் கீறும். 1500 ஆர்.பி.எம். இன்ஜினில் கேம் அதில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 750 கீறல். அதனால் மேட்டை எடுங்கள், பள்ளத்தை விட்டுவிடுங்கள். குழி மறையும்வரை தேய்க்கிறேன் என்று கிளம்பினால் கடினத் தோலும் போகும், வடிவமும் போகும். கேமின் பக்கச் சரிவு டேப்பெட்டை மெதுவாக ஏந்தித் தூக்குவதற்காக அமைத்தது. அது தட்டையானால் டேப்பெட் ஏறாது, அடிக்கும். சொரசொரப்பான எமெரித் துணி வேண்டவே வேண்டாம். 1000 நம்பர் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து, கேமின் முழு அகலத்துக்கும் நாடாபோல வெட்டி, வளைவோடு சேர்த்துச் சுற்றி இழுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பழுப்பு போய் நகம் வழுக்கினால் நிறுத்திவிட்டு, 1500 நம்பரில் ஒரு கை பாருங்கள். கழுத்துகளுக்கும் இதே முறைதான்.

மூக்கின் உச்சியில் மட்டும் கை அடக்கம் வேண்டும். வால்வு முழுக்கத் திறந்து ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கும் இடம் அது. இந்த மாதிரி மெதுவாக ஓடும் இன்ஜினில் ஸ்பிரிங்கின் விசை பெரும்பாலும் அப்படியே மூக்கில்தான் இறங்குகிறது. எக்ஸாஸ்ட் கேமின் சரிவுக்கும் தனிப் பாரம் உண்டு, சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் அழுத்தத்தை எதிர்த்து வால்வைத் திறப்பது அதுதான். எனவே அந்தக் கறுப்புக் கோடு மூக்கில் விழுந்து, நகமும் அதில் சிக்கினால் புது ஷாஃப்ட்டே வாங்குங்கள். அடிவட்டத்தில் விழுந்திருந்தால் கவலையை விடுங்கள்.

தேய்த்த தூள் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்பு போட்ட வெந்நீரில் கழுவி, எண்ணெய்த் துளை இருந்தால் காற்றடித்து, காய்ந்த உடனே எண்ணெய் தடவிவிடுங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் கழுவிய இரும்பைச் சற்று நேரம் சும்மா வைத்தாலே துரு பூக்கும். 2018 கஜா புயலுக்குப் பிறகு தண்ணீர் புகுந்த இன்ஜின்கள் நிறைய என் கைக்கு வந்தன. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே கழுவாமல் விட்டவைதான் பிறகு கேம் தேய்ந்து திரும்பி வந்தன. அந்த வருத்தத்தில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாட்டும்போது கேமிலும் டேப்பெட் முகத்திலும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள். சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில்) புது டீசல் இன்ஜின் ஆயில் ஊற்றி, ஃப்ளைவீலைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜில் புத்தக அளவுக்கு வைத்து, அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் இன்ஜின் ஆறிய பிறகு திரும்ப அளங்கள். இடைவெளி அப்படியே இருந்தால் நாற்றங்காலுக்குத் தைரியமாகத் தண்ணீர் இறைக்கலாம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் 0.05 மி.மீ. அகன்றிருந்தால் சரிசெய்து இன்னொரு பத்து மணி நேரம் ஓட்டுங்கள். மறுபடியும் அகன்றால் டேப்பெட் முகமும் கேமும் கரைகின்றன. நடவுக்கு நடுவில் நிற்காமல், அன்றைக்கே இன்ஜினை நிறுத்திப் புது ஷாஃப்ட்டையும் புது டேப்பெட்டையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள்.